கஞ்சமலை முகட்டில் இரண்டு மௌனங்கள்

தை மாத விடியலில் கஞ்சமலையின் மேற்குத் தோளில் நின்று ஐந்து வாட் ஹேண்டியில், அதாவது கையில் பிடித்துப் பேசும் வானொலிக் கருவியில், கூப்பிட்டபோது, 136 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கோயம்புத்தூர் பதில் சொன்னது. அதே நாள் பத்து மணிக்கு, அந்த இடத்தைவிட 500 மீட்டர் போல உயரமான உச்சியில் அதே கருவியையும் அதே ஆன்டெனாவையும் வைத்துக் கூப்பிட்டோம். கோயம்புத்தூர் இல்லை. 48 கிலோமீட்டரில், கண்ணுக்கு எதிரே கிடக்கும் ஈரோடும் இல்லை. உயரம் கூடினால் எட்டும் தூரமும் கூடும் என்பதுதான் இரண்டு மீட்டர் அலைநீளமுள்ள அலைவரிசையில் பேசுகிறவர்கள் கற்கும் முதல் பாடம். அன்று அது தலைகீழாக நின்றது.

காரணம் தெரிய ஒரு வாரம் ஆனது. உச்சியில் பேசிய எங்கள் குறிப்புகளை மட்டும் வைத்திருந்தால் இன்றுவரை தெரிந்திருக்காது. கீழே சமவெளியில் காத்திருந்த மூன்று பேர், கேட்டதையும் எழுதினார்கள், கேட்காததையும் நேரம் போட்டு எழுதினார்கள். அந்த வெற்றுக் குறிப்புகளிலிருந்துதான் இந்த ஆய்வு பிறந்தது. ஹாம் வானொலிக்காரர்கள், அதாவது உரிமம் வாங்கி ஆர்வத்துக்காக வானொலியில் பேசுகிறவர்கள், எல்லோரும் படிக்க வேண்டியது என்று நினைப்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

மலையும் ஆட்களும்

சேலத்துக்கு மேற்கே பத்து கிலோமீட்டர் தள்ளி, கிழக்கு மேற்காகப் படுத்திருக்கும் தனி மலை கஞ்சமலை. உச்சி கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்குச் சற்றே குறைவு. சுற்றியுள்ள காட்டுவெளியிலிருந்து பார்த்தால் 700 மீட்டர். அடிவாரத்துச் சித்தர் கோயிலில் அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் கூடும். மேலே கரியபெருமாள் கோயில். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சனம் ஏறும். நாங்கள் கூட்டமில்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, வனத்துறையிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கி, வாட்சர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனோம்.

மலை முழுக்க இரும்பு. குவார்ட்சும் மேக்னடைட் என்ற இரும்புத் தாதும் வரிவரியாக மாறி மாறிப் படிந்த பாறை அடுக்குகள் உள்நோக்கி மடிந்து கிடப்பதால், தாது மலையைச் சுற்றி வளையமாக வெளியே தெரிகிறது. ஓடை மணலில் ஒரு காந்தத்தை இழுத்தால் கருமணல் கொத்தாக ஒட்டும். 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலைக்குச் சேலம் சீமைத் தாதுதான் போனது. இந்த வட்டாரத்துப் பாறைகளைப் பற்றி வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் எழுதிய அறிக்கை 1864இல் வந்தது. அந்த ஃபூட் கடைசிக் காலத்தில் குடியேறிய ஏற்காடு, முகட்டிலிருந்து வடகிழக்கே நீலமாகத் தெரியும். அடிவாரத்தில் 1981இல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலை இருக்கிறது; அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இந்த மலையின் தாதுதான். இந்த இரும்பு நம் கதைக்குள்ளும் வரப்போகிறது.

மலை ஏறியவர்களில் உரிமம் உள்ளவர்கள் மூவர்: ஜெனரல் கிரேடு என்ற உரிமத் தேர்வு எழுதித் தேறிய சேலத்து அண்ணன் ஒருவர், அதற்குக் கீழ்ப்படியான ரெஸ்டிரிக்டெட் கிரேடு உரிமத்தோடு ஈரோட்டில் பொறியியல் படிக்கும் ஒரு தங்கை, நான். மற்றவர்கள் நடக்க வந்தவர்கள். நம் நாட்டில் ஹாம் என்கிற அமெச்சூர் வானொலியில் பேச மத்திய அரசின் தேர்வெழுதி உரிமம் வாங்க வேண்டும். வியூ2, வியூ3 என்று தொடங்கும் கால்சைன்கள், அதாவது வானொலியில் எங்களை அடையாளம் காட்டும் அழைப்புப் பெயர்கள், அப்படி வந்தவை. இரண்டு மீட்டர் அலைவரிசையில் நமக்கு ஒதுக்கியிருப்பது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை.

கீழே மூன்று நிலையங்கள். ஈரோட்டில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். திருச்செங்கோட்டில் ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார். கோயம்புத்தூரில் மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர். வீட்டு மொட்டைமாடியில் பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்திருக்கிறார். சேலத்து நண்பர்கள் சிலரும் அவ்வப்போது வந்து போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மலைச்சிகர வானொலி நடை என்பது 2002 மார்ச் 2இல் பிரிட்டனில் முறைப்படி தொடங்கிய விளையாட்டு. கருவியைத் தானே சுமந்து ஏற வேண்டும், வண்டி பேட்டரியோ ஜெனரேட்டரோ கூடாது, உச்சியிலிருந்து 25 மீட்டர் இறக்கத்துக்குள் நின்று பேச வேண்டும், குறைந்தது நான்கு பேரோடு தொடர்பு கிடைத்தால்தான் புள்ளி. புள்ளிக்காக நாங்கள் போகவில்லை என்றாலும் அந்த ஒழுங்கை அப்படியே வைத்துக்கொண்டோம். கூடுதலாகச் சேலத்து அண்ணன் ஒரு விதி சேர்த்தார். மணிக்கு நான்கு முறை, சரியாகக் கால் மணிக்கு ஒரு தரம், மலையிலிருந்து அழைப்பு போகும். கீழே உள்ளவர்கள் அந்த நிமிடத்தில் கேட்டார்களா இல்லையா என்று கட்டாயம் எழுத வேண்டும். இடையில் செல்போனில் கூப்பிட்டு “கேக்குதுங்களா?” என்று விசாரிக்கக் கூடாது. ஆபத்து என்றால் மட்டும் போன்.

நடந்தது

இருட்டு விலகும் நேரத்தில் கிளம்பி, உண்ணிச்செடியும் சூரைமுள்ளும் மண்டிய தடத்தில் ஏறி, ஏழு மணி பத்து நிமிடத்துக்கு மேற்குத் தோளை அடைந்தோம். அங்கே கடல்மட்ட உயரம் 500 மீட்டர் இருக்கும். பட்டை வயரில் செய்த ஜே-போல் ஆன்டெனாவை ஊன்றுகோல் மூங்கிலோடு கட்டியே கொண்டுவந்திருந்தோம். மூங்கிலை நிமிர்த்தினால் ஆன்டெனா தயார். ஏழு இருபதுக்கு ஈரோடு, ஏழரைக்குத் திருச்செங்கோடு, இரண்டும் தெளிவு. ஏழே முக்காலுக்கு அழைத்தபோது இரைச்சலுக்கு அடியிலிருந்து கோயம்புத்தூர் ஐயாவின் குரல் எழும்பி வந்தது.

“அம்மணி, கேக்குதுங். நல்லாவே கேக்குது. எந்த எடத்துல நிக்கறீங்?”

தங்கைக்குக் கை நடுங்கியது. அவ்வளவு தூரத்தை அவள் நேரடியாகப் பிடித்தது அதுவே முதல் முறை. எட்டேகாலுக்கு ஐயாவின் குரல் இன்னும் தெளிவாக வந்தது. அங்கிருந்து சேலம் கிடைக்கவில்லை. முகடே சேலத்தை மறைத்து நிற்கிறது, அது எதிர்பார்த்ததுதான்.

எட்டு இருபத்தைந்துக்கு மேலே ஏறத் தொடங்கினோம். ஒவ்வொரு கால் மணிக்கும் நின்று மூங்கிலை நிமிர்த்தி அழைத்தோம். எட்டே முக்காலுக்குக் கோயம்புத்தூர் மங்கல். ஒன்பதுக்கு இல்லை. உச்சிக்குப் போனால் சரியாகிவிடும் என்றே எல்லோரும் நினைத்தோம்.

ஒன்பது ஐம்பதுக்கு உச்சி. சேலம் நகரம் முழுவதும் காலடியில். சேலத்து நண்பர் ஒருவர் ‘ஃபைவ் நைன்’ (5/9; தெளிவுக்கும் வலிமைக்கும் முழு மதிப்பெண்) என்று உடனே வந்தார். திருச்செங்கோட்டு வாத்தியார் பாதி வார்த்தை, பாதி வெறுமை. ஈரோடு இல்லை, கோயம்புத்தூர் இல்லை. பத்து மணி, பத்தேகால், பத்தரை, பத்தே முக்கால் என்று லாக் எனும் தொடர்புக் குறிப்பேட்டில் கோடுதான் விழுந்தது. பேட்டரியை மாற்றினோம், மாற்றமில்லை. எஃகு அளவுநாடாவை வெட்டிச் செய்த மூன்று குச்சி யாகியை, அதாவது ஒரு திசையை நோக்கிக் கூர்மையாகக் கேட்கும் ஆன்டெனாவை, எடுத்து, திசைகாட்டியில் தென்மேற்கைப் பார்த்து நீட்டினோம். அப்போதும் ஈரோடு வரவில்லை.

பதினொன்று பத்துக்கு, கோயில் பக்கம் ஒரு சுற்று நடந்து வரலாம் என்று தங்கை ஜே-போலைக் கழற்றிவிட்டு, ஹேண்டியோடு வந்த குட்டை ரப்பர் ஆன்டெனாவைத் திருகிக்கொண்டு போனாள். நான்கடி வைத்திருப்பாள், ஹேண்டி பேசியது. ஈரோட்டு அண்ணன்.

“ஒரு மணி நேரமாக் கூப்புட்டுட்டே இருக்கனுங் அம்மணி. உங்க குரல் இங்க கல்லுல செதுக்குனாப்புடி வருது. நீங்கதான் காது குடுக்க மாட்டேங்கறீங்க!”

இடைப்பட்ட நேரத்தில் 7 மெகாஹெர்ட்ஸிலும் பேசினோம். உசிலை மரக்கிளையில் இருபது மீட்டர் கம்பியைத் தொங்கவிட்டு, ஐந்து வாட்டில் பெங்களூரும் ஹைதராபாத்தும் கிடைத்தன. அந்த அலை வானத்தை நோக்கி மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவது. வானத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஏறி இறங்குகிற அலைக்கு 700 மீட்டர் மலை ஒரு பொருட்டில்லை. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

பகல் சாப்பாட்டுக்கு அரிசியும்பருப்புஞ் சோறு. மாலை நான்கரைக்குத் திரும்பி அதே மேற்குத் தோளில், காலையில் நின்ற அதே பாறையில் நின்று, அதே ஆன்டெனாவில் அழைத்தோம். ஈரோடு தெளிவு. கோயம்புத்தூர் இல்லை. இந்த மாலை அழைப்பும் அண்ணனின் திட்டம்தான். அன்று செய்ததிலேயே மிக மதிப்புள்ள வேலை இதுவென்று பின்னால் தெரிந்தது.

முதல் மௌனம்: ஈரோடு

கீழே இருந்த மூவரின் குறிப்புகளும் கைக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒன்று. உச்சியில் நாங்கள் நின்ற நேரத்தில் எங்கள் தாளில் ஈரோட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் ஒரே மாதிரிக் கோடு. ஆனால் ஈரோட்டுத் தாளில் அந்த நேரமெல்லாம் “கேட்டது, 5/9”. கோயம்புத்தூர்த் தாளில் “கேட்கவில்லை”. நாங்கள் ஒரே மௌனம் என்று நினைத்தவை இரண்டு வேறு மௌனங்கள்.

ஈரோட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 145 மெகாஹெர்ட்ஸில் 48 கிலோமீட்டர் வெட்டவெளியைக் கடக்கும்போது அலை 109 டெசிபல் இழக்கும் (பத்து டெசிபல் என்றால் பத்து மடங்கு). அங்கிருந்து புறப்படுவது ஐந்து வாட், அதாவது ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் கணக்கில் 37 டிபிஎம். இரு பக்க ஆன்டெனாவுக்கும் இரண்டிரண்டு டெசிபல் சேர்த்தால் உச்சிக்கு வந்து சேருவது மைனஸ் 68 டிபிஎம். இந்த ஹேண்டிகள் மைனஸ் 120க்குப் பக்கத்தில் இருந்தாலே குரலைப் பிரித்துத் தந்துவிடும். ஆக ஐம்பது டெசிபல், அதாவது ஒரு லட்சம் மடங்கு, மிச்சம் இருக்கிறது. இவ்வளவு மிச்சத்தை வைத்துக்கொண்டு ஈரோடு கேட்காமல் போனதற்குத் தூரம் காரணமாக இருக்கவே முடியாது. எங்கள் குரல் அங்கே தெளிவாகப் போயிருப்பதால் அனுப்பும் பக்கத்திலும் பழுதில்லை. பழுது கேட்கும் பக்கத்தில், உச்சியில், எங்கள் கையில்.

விலை குறைந்த ஹேண்டிகளில் வானொலியின் பெரும்பகுதி வேலை ஒரே சில்லுக்குள் முடிந்துவிடுகிறது. வேண்டாத அலைகளை முன்கூட்டியே வடித்து நிறுத்தும் பகுதி அதில் மிகச் சிறியது. கீழே வீட்டில் இது தெரியாது. ஆனால் கஞ்சமலை உச்சியில் நின்றால் பத்து கிலோமீட்டரில் சேலத்தின் எல்லாக் கோபுரங்களும் நேர்ப்பார்வையில் இருக்கின்றன; எஃப்எம் ஒலிபரப்பு, வயர்லெஸ், எல்லாமே தடையின்றி வந்து மோதும். முன்பகுதி திணறிவிடும். திணறிய கருவி சத்தம் போடாது, எச்சரிக்காது. மெல்லிய அலைகளுக்குச் செவிடாகிவிடும், அவ்வளவுதான். ஜே-போல் நல்ல ஆன்டெனா என்பதாலேயே வேண்டாததையும் நிறைய அள்ளிக் கொடுத்தது. மோசமான ரப்பர் ஆன்டெனா எல்லாவற்றையும் குறைத்துக் கொடுத்தது. ஈரோட்டுக்கு ஒரு லட்சம் மடங்கு மிச்சம் இருந்ததால் அந்தக் குறைவு அதற்கு வலிக்கவில்லை. திணறல் மட்டும் நீங்கியது.

இதை அன்றே இன்னொரு விதத்திலும் சோதித்துவிட்டோம். ஈரோடு கிடைத்த கையோடு சேலத்து அண்ணன் ஜே-போலை மறுபடி மாட்டச் சொன்னார். குரல் மறைந்தது. ரப்பர் ஆன்டெனா மாட்டி, ஹேண்டியை நெஞ்சோடு அணைத்து, சேலத்துக்கு முதுகு காட்டி நின்றார், முன்னைவிடத் தெளிவு. சேலத்தை நோக்கித் திரும்பினார், கரகரப்பு. மனித உடம்பே சேலத்துக்குத் திரையாக இருந்தது. காலையில் மேற்குத் தோளில் இந்தச் சிக்கல் இல்லாததும் இதனால்தான். அங்கே மலையே திரை.

வரியோடிய கல்

யாகி ஏன் உதவவில்லை என்பது தனிக் கதை. யாகியின் மூக்கை ஈரோட்டுப் பக்கம் நீட்டினால் அதன் முதுகு தானாகச் சேலத்துப் பக்கம் விழும். உச்சியிலிருந்து இரண்டும் ஏறக்குறைய எதிரெதிர்த் திசை. முதுகுப்பக்கம் யாகி நன்றாக அடைக்கும். ஆகவே திணறல் போய், ஈரோடு வந்திருக்க வேண்டும்.

சாப்பிட உட்கார்ந்தபோது வாட்சர் அண்ணன், தங்கை கையிலிருந்த திசைகாட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஏனுங்க, அந்த ஊசிய நம்பியா அதத் திருப்பறீங்க? இந்தக் கல்லு இழுக்குமுங்க. எங்களுக்கெல்லாம் சங்கிரிக் கோட்டையும் மேட்டூர்ப் பொகைக் கொழாயுந்தான் தெசை.”

பாறைத்திட்டில் கருஞ்சிவப்பு வரிகள் ஓடியிருந்தன. திசைகாட்டியைப் பாறைமேல் வைத்தோம், பத்தடி தள்ளிப் புல்தரையில் வைத்தோம். இரண்டு வடக்குக்கும் இடையே எழுபது டிகிரி வித்தியாசம். செல்போனில் உள்ள திசைகாட்டியும் காந்தப்புலத்தைத்தான் அளக்கிறது. அதுவும் அதே பொய்யைச் சொன்னது. யாகியை நீட்டியவர் நின்றது அந்தத் திட்டின் மேல்தான்.

மூன்று குச்சி யாகிக்கு வாய் அகலம். எழுபது டிகிரி விலகினாலும், அவ்வளவு மிச்சம் உள்ள ஈரோட்டை அது தொலைத்திருக்காது. கெடுத்தது வேறு. மூக்கு விலகியதோடு முதுகும் விலகியது. சேலம் யாகியின் பக்கவாட்டுக்கு வந்துவிட்டது. செங்குத்தாகப் பிடித்த யாகி பக்கவாட்டை அவ்வளவாக அடைக்காது. பிறகு சங்ககிரிக் கோட்டை மலையைக் கண்ணால் பார்த்து யாகியை நீட்டியபோது ஈரோடு முழுசாக வந்தது. உச்சியிலிருந்து சங்ககிரியும் ஈரோடும் ஒரே கோட்டில் இருப்பது நல்ல வசதி. இனி எந்த மலையிலும் யாகியை எதை நோக்கித் திருப்புகிறோம் என்பதோடு, எதற்கு முதுகு காட்டுகிறோம் என்பதையும் நான் லாகில் எழுதப்போகிறேன். இந்த நிகழ்வில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

இரண்டாம் மௌனம்: கோயம்புத்தூர்

யாகி சரியாகத் திரும்பி, திணறல் நீங்கி, ஈரோடு மணியாகக் கேட்ட பின்னும் கோயம்புத்தூர் வரவில்லை. ஐயாவுக்கும் நாங்கள் கேட்கவில்லை. இரு பக்கமும் அடைப்பு. ஆகவே இங்கே விசாரிக்க வேண்டியது கருவியை அல்ல, வழியை.

மீட்டரில் உயரத்தை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானம், அதாவது பூமியின் வளைவு மறைக்காமல் அலை எட்டும் எல்லை, கிலோமீட்டரில் கிடைக்கும். காற்று அலையைச் சற்று வளைத்துக் கொடுப்பதையும் சேர்த்த கணக்கு இது. கோயம்புத்தூரே கடல்மட்டத்துக்கு 411 மீட்டர் மேலே இருக்கிற ஊர். அந்த மட்டத்துக்கு மேல் கஞ்சமலை உச்சி 575 மீட்டர்தான். அதற்குத் தொடுவானம் 99 கிலோமீட்டர். ஐயாவின் பன்னிரண்டு மீட்டர் ஆன்டெனாவுக்குப் பதினான்கு. கூட்டினால் 113. இருவருக்கும் இடையே உள்ள தூரம் 136. சாதாரண நாளில், சாதாரணக் காற்றில், உச்சியிலிருந்து கோயம்புத்தூர் தொடுவானத்துக்குக் கீழே. மேற்குத் தோளுக்கு இதே கணக்கைப் போட்டால் 53 கிலோமீட்டர்தான் வருகிறது.

அப்படியானால் விளக்கம் கேட்க வேண்டியது பத்து மணி மௌனத்துக்கு அல்ல. ஏழே முக்கால் மணிக் குரலுக்கு.

மேகமில்லாத தை இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கிடக்கிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோட்டதுபோல் நிற்கிறது. அன்று தோளில் நின்றபோது இதைக் கண்ணாலேயே பார்த்தோம். செங்கல் சூளைகளின் புகை எங்கள் கால்மட்டம் வரை எழும்பி, அதற்கு மேல் போகாமல் மேற்கே தட்டையாகப் பரவிக் கிடந்தது. அந்த மட்டத்தில் அலையை வளைக்கும் காற்றின் ஒளிவிலகல் எண் உயரம் ஏற ஏற வெகு வேகமாகக் குறைவதால், மேலே தப்பிப் போக வேண்டிய அலை தரையை நோக்கி வளைந்து, தொடுவானத்தைத் தாண்டியும் ஓடுகிறது. இரண்டு மீட்டர் அலை இப்படி முழுதாகச் சிக்க 200 மீட்டர் போலத் தடிமன் உள்ள படலம் வேண்டும். தோள் சமவெளியிலிருந்து அதே 200 மீட்டரில் இருக்கிறது. நாங்கள் தற்செயலாக அந்தப் படலத்தின் விளிம்புக்குள் நின்று பேசியிருக்கிறோம்.

ஒன்பது மணிக்கு அது அறுந்தது. அறுந்ததற்குக் காரணம் நாங்கள் படலத்தை விட்டு மேலே ஏறியதா, வெயில் ஏறி படலமே கலைந்ததா? எங்கள் குறிப்பை மட்டும் பார்த்தால் சொல்ல முடியாது. ஏறியதும் வெயில் வந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. இங்கேதான் திருச்செங்கோட்டு வாத்தியார் கைகொடுத்தார். தன் வீட்டில் உட்கார்ந்தபடி, யாரும் கேட்காமலே, கோயம்புத்தூர் ஐயா எங்களைக் கூப்பிடுவதையும் கவனித்து எழுதியிருந்தார். அவர்கள் இருவருக்கும் இடையே 109 கிலோமீட்டர், இருவரும் சமவெளியில், வழக்கமாக ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டாது. அன்று ஏழே முக்காலிலிருந்தே ஐயாவின் குரல் அவருக்குக் கேட்டிருக்கிறது. ஒன்பதுக்கும் கேட்டிருக்கிறது. ஒன்பதேகாலுக்கு “மிக மெல்லிசு”. ஒன்பதரைக்குக் கோடு.

நாங்கள் கோயம்புத்தூரை இழந்த ஒன்பது மணிக்குப் படலம் இன்னும் உயிரோடு இருந்தது என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. அப்போது நாங்கள் 750 மீட்டர் உயரத்தில், படலத்தைத் தாண்டி நின்றோம். ஏறியதால் இழந்தோம். ஒன்பதரைக்கு மேல் தோளிலேயே உட்கார்ந்திருந்தாலும் இழந்திருப்போம். அது வெயிலின் வேலை. மாலை நான்கரைக்கு அதே பாறையில் கோயம்புத்தூர் கிடைக்காதது இந்த இரண்டாவது பாதியை உறுதிசெய்கிறது. தரை கொதித்துக் காற்று கலங்கியிருக்கும் நேரம் அது.

ஐயாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப மேல ஏறாம இருந்திருந்தா இன்னொரு அரை மணி நேரம் பேசியிருக்கலாமுங்களே தம்பி” என்றார். உண்மைதான்.

எழுதாத கோடுகள்

வழக்கமான ஹாம் லாக் புத்தகத்தில் தேதி, நேரம், கால்சைன், அலைவரிசை, கேட்ட தரம் என்று கட்டங்கள் இருக்கும். தொடர்பு கிடைத்தால்தான் ஒரு வரி. கூப்பிட்டும் பதில் வராத நேரத்துக்கு அதில் இடமே இல்லை. அன்றைய லாகை அந்த முறையில் எழுதியிருந்தால் காலையில் ஒரு நல்ல தூரம், உச்சியில் சேலம், பதினொன்றுக்கு மேல் ஈரோடு என்று நாலு வரி மிஞ்சியிருக்கும். படித்தவர்கள் “காலையில் கண்டிஷன் நல்லா இருந்திருக்கு” என்று சொல்லிப் போயிருப்பார்கள். ஈரோட்டு அண்ணன் ஒரு மணி நேரம் கூப்பிட்டதும், வாத்தியாரின் ஒன்பது மணி வரியும் எங்கும் இருந்திருக்காது.

மலையில் இதை வெறும் பொழுதுபோக்குக் கணக்காக நான் பார்க்கவில்லை. 2004 டிசம்பரில் போர்ட் பிளேரில் பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும் ஆர்வத்துக்காக நிறுவிய ஹாம் நிலையம், 26ஆம் தேதி சுனாமிக்குப் பிறகு அந்தமானுக்கும் நாட்டுக்கும் இடையே செய்தி சுமந்தது. ஆர்வத்துக்காகத் தூக்கிக்கொண்டு போகிற பெட்டி எந்த நாளில் உயிர்காக்கும் பெட்டியாகும் என்று யாருக்கும் தெரியாது. கஞ்சமலையின் தெற்குச் சரிவில் சேலம் மறைந்துவிடும். அங்கே ஒருவருக்குக் கால் பிசகினால் ஈரோடும் திருச்செங்கோடும்தான் துணை. பதில் வராததால் நம் குரல் போகவில்லை என்று நினைத்து ஒருவர் பேசுவதை நிறுத்திவிட்டால், அங்கே ஈரோட்டில் கேட்டுக்கொண்டிருக்கிற காது வீணாகப் போகும். ஆகவே பதில் இல்லாவிட்டாலும் இடத்தையும் நிலையையும் குருட்டாம்போக்கில் சொல்லிக்கொண்டே இருப்பது, குட்டை ஆன்டெனாவுக்கு மாறிப் பார்ப்பது, நகரத்துக்கு முதுகு காட்டுவது, இந்த மூன்றையும் எங்களோடு நடக்க வருகிற எல்லோருக்கும் இப்போது சொல்லிக்கொடுக்கிறோம். கருவிக்கு முன்னால் மாட்ட, எஃப்எம் ஒலிபரப்பை வெட்டும் சிறு வடிகட்டி ஒன்றை ஈரோட்டு அண்ணன் தன் பட்டறையில் செய்துகொண்டிருக்கிறார்.

மாசியில் மறுபடி ஏறுகிறோம். இம்முறை ஒரு ஹேண்டி மேற்குத் தோளிலேயே பத்து மணி வரை உட்கார்ந்திருக்கும். இன்னொன்று எங்கும் நிற்காமல் உச்சிக்குப் போகும். இருட்டில் ஏற அனுமதியில்லை என்பதால் எட்டரைக்கு முன்னால் உச்சியை எட்டுவது கடினம். படலம் ஒன்பதேகால் வரை தாங்கினால் முக்கால் மணி நேரம் இரண்டு உயரத்திலிருந்தும் ஒரே நிமிடத்தில் கோயம்புத்தூரை அழைக்கலாம். வாத்தியார் இப்போதே கால் மணிக் கட்டங்கள் போட்ட தாளை அச்சடித்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். அதில் ஒவ்வொரு கட்டத்திலும் “கேட்டது”, “கேட்கவில்லை” என இரண்டு பெட்டிகள். எதையும் காலியாக விடக் கூடாது என்று அடியில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.